காட்பாடி தடத்தில் சிக்னலையும் ரேடியோவையும் புதுப்பிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அரக்கோணத்தைத் தாண்டினால் புறநகர் ரயிலுக்கென்று தனித் தடம் கிடையாது. ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு என்று ஊர் ஊராகச் சீசன் டிக்கெட்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் மெமுவும் ஏலகிரி எக்ஸ்பிரஸும், மைசூரு சதாப்தியோடும் கேரளத்து நெடுந்தூர வண்டிகளோடும் சரக்கு வண்டிகளோடும் இரண்டே பாதைகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றை மூடினால் வண்டியை ஒதுக்கிவிட வேறு பாதை இல்லை. இங்கே சிக்னல் வேலை செய்கிறவருக்கு இருக்கும் முதல் தலைவலி இதுதான்.

சிக்னல், டெலிகாம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர் இன்ஜினியர்களையும் ஒப்பந்ததாரர் தரப்பில் வேலையிடத்தில் நிற்கும் மேற்பார்வையாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தினமும் அந்த வண்டியில் போகிறவர்கள் படித்தால், அறிவிப்புப் பலகையில் ‘பொறியியல் பணி காரணமாக ரத்து’ என்று ஒரே வரியில் எழுதுவதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது புரியும்.

வேலையின் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிக்னலை முடித்துவிட்டு ரேடியோவைக் கடைசியில் ஒட்டவைப்பதுதான் பழக்கம். நான் ரேடியோவை முதலில் முடிக்கச் சொல்வேன். பழைய சிக்னலைக் கழற்றிப் புதியதை இணைக்கும் அந்தச் சில நாட்களில் வண்டிகளுக்கு வழிகாட்ட விளக்கு இருக்காது. ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டு, அந்த வார்த்தையின்மேல்தான் வண்டி நகரும்.

1. எதற்காகப் புதுப்பிக்கிறோம்?

பழைய முறையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். ஸ்டேஷன்களுக்கு நடுவே 8 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி அதைக் கடக்க 8 நிமிடம்; அதுவரை பின்னால் வருவது காத்திருக்க வேண்டும். தானியங்கி சிக்னலில் ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் நிற்கும். சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று நான்கு நிலை. முன்னால் போகும் வண்டிக்குப் பின்னே சில கிலோமீட்டர் இடைவெளி விட்டு அடுத்த வண்டி பச்சையிலேயே தொடரலாம்.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெமு சேவூரில் நிற்கும், திருவலத்தில் நிற்கும், முகுந்தராயபுரத்தில் நிற்கும். அதன் பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் வழியெல்லாம் மஞ்சளைப் பார்த்துத் தவழும். எங்கே எந்த வண்டியை, ஸ்டேஷனில் பக்கமாகப் பிரிந்து மறுபடி சேரும் லூப் லைனில் ஒதுக்கப் போகிறோம் என்பதைப் போக்குவரத்துப் பிரிவோடு உட்கார்ந்து பேசாமல் சிக்னல் இடங்களைக் குறிக்காதீர்கள். நின்று நின்று போகும் வண்டியின் அட்டவணைதான் உங்கள் வடிவமைப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து வேலூர் டவுன், வேலூர் கன்டோன்மென்ட் வழியாகத் திருவண்ணாமலை போகும் ஒற்றைப் பாதையின் தேவை வேறு. அங்கே எதிரெதிர் வண்டிகள் சந்திக்கும் இடங்கள்தான் நேரத்தை விழுங்குகின்றன. வண்டியின் அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டரால், இரு ஸ்டேஷன்களுக்கு இடையே பாதை காலி என்று உறுதிசெய்யும் பிளாக் முறையும், ஸ்டேஷனில் இரண்டு வண்டிகளை ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கும் வசதியும் இருந்தாலே பெரும் மாற்றம் தெரியும். தானியங்கி சிக்னலை அங்கேயும் இழுத்துக்கொண்டு போவது வீண் செலவு என்பது என் கருத்து.

2. நடந்து பாருங்கள்

வரைபடத்தை எடுத்துக்கொண்டு தடம் முழுக்க நடக்க வேண்டும். டிராலியில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம் இது. இத்தனை காலம் பலரும் தோண்டிப் புதைத்த மண்ணில் வரைபடத்தில் இல்லாத கேபிள் கிடைப்பது சாதாரணம். கிடைப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஜே.சி.பி. இறங்கும்போது உதவும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது வெயில். தடம் இங்கே பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போகிறது. காலையில் சென்னை நோக்கிப் போகும் மெமுவின் லோகோ பைலட் உதிக்கும் சூரியனை நேருக்கு நேர் பார்த்து ஓட்டுகிறார். மாலையில் திரும்பி வருகிறவர் மறையும் சூரியனை. கூட்டம் நிறைந்த வண்டி இரண்டுக்கும் இந்தக் கதிதான். முதுகுப் பக்கமிருந்து வெயில் அடிக்கும் வண்டிகளுக்கு எதிர்த் தொல்லை: அணைந்திருக்கும் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு, எரிவது போன்ற மயக்கம் வரும். எல்.இ.டி. விளக்கு வந்தபின் இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. அதனால் ஒவ்வொரு சிக்னல் இடத்தையும் நண்பகலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு ஒரு முறை என்ஜினில் ஏறி, ஓட்டுகிறவரின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். வளைவில் மின்கம்பம் மறைக்கிறதா, நடைமேடைக் கூரை மறைக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது மண். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. கேபிளின் இரும்புக் கவசத்தையும் எர்த் கம்பியையும் அது அரிக்கும். பொன்னை ஆறு போன்ற இடங்களில் ஆண்டில் பாதி நாள் மணல்தானே என்று கேபிளை ஆற்றுப்படுகையில் புதைக்கும் எண்ணமே வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் போன வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். பாலத்தின்மேல் தனித் தாங்கிகளில், இரு முனையிலும் கூடுதல் நீளம் சுருட்டி வைத்துக் கொண்டுபோங்கள்.

3. காகித வேலை

மோதும் பாதைகள் ஒரே நேரத்தில் திறக்காதபடி சிக்னலையும் பாயின்ட்டையும் ஒன்றோடொன்று பூட்டிவைப்பதுதான் இன்டர்லாக்கிங். அதன் வரைபடம், கட்டுப்பாட்டு அட்டவணை, சர்க்யூட் வரைபடம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எந்தப் பாதைக்கு எந்தப் பாயின்ட் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்) எப்படி இருக்க வேண்டும், எந்தச் சிக்னலோடு எது மோதும் என்று சொல்லும் அட்டவணையை ஒருவர் தயாரித்து, சம்பந்தமில்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வேலையிடத்தில் ஒரு கம்பியை மாற்றினாலும் வரைபடம் மாறி, ஒப்புதல் வாங்கி, பிறகுதான் கம்பி மாற வேண்டும்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜாரில் நடந்த விபத்தை விசாரித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களிலும் லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைபாடுகளைச் சுட்டிக்காட்டினார். 290க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ‘சின்ன மாற்றம்தானே சார், அப்புறம் வரைந்துகொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

4. ரேடியோ

இப்போது கையில் இருப்பது வி.எச்.எஃப். ஸ்டேஷனில் 25 வாட் கருவி, லோகோ பைலட்டிடமும் கார்டிடமும் 5 வாட் வாக்கி-டாக்கி. பேச்சு ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும். மேல்பட்டியிலிருந்து வாணியம்பாடி வரை மலைகள் ஒதுங்கி வந்து நிற்கும் இடங்களிலும், மண்ணை வெட்டி இறக்கிய பள்ளங்களிலும் குரல் அறுந்துபோகும். முதல் வேலையாக இரண்டு பேர், ஒருவர் ஸ்டேஷனில், ஒருவர் மெமுவின் கடைசிப் பெட்டியில் கார்டோடு, தடம் முழுக்கப் பேசிக்கொண்டே போய், எந்தக் கிலோமீட்டர் கல்லில் குரல் மங்குகிறது, எங்கே பக்கத்து ஸ்டேஷன் குரல் ஏறி அமுக்குகிறது என்று பட்டியல் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் பேசும் நேரத்தில் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை ஆன்டெனாவைச் சில மீட்டர் உயர்த்தியதும், துருப்பிடித்த இணைப்பைச் சுத்தம் செய்ததும் தீரும்.

அடுத்த தலைமுறை எல்.டி.இ., அதாவது 4ஜி கைபேசிகளின் தொழில்நுட்பம். இதற்காக 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ரயில்வேக்கு ஒதுக்க 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தப் பட்டை தூரம் போகும், தடைகளைச் சுற்றியும் ஓரளவு போகும். கோபுரங்களை அமைக்கும்போது ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு கோபுரங்களின் வீச்சு எட்ட வேண்டும். ஒன்று விழுந்தாலும் பேச்சு நிற்கக் கூடாது. கோபுரங்களை இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிளைத் தண்டவாளத்தின் இருபுறமும் தனித்தனியே கொண்டுபோய் வளையமாக மூடுங்கள். இரண்டையும் ஒரே பள்ளத்தில் போட்டுவிட்டு ‘மாற்று வழி இருக்கிறது’ என்று கணக்கில் எழுதுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

கோபுர உயரத்துக்கு அனுமதி வாங்குவதை எல்லோரும் தாமதமாகத்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரம் விமான நிலையம். இரண்டின் சுற்றுவட்டத்திலும் கோபுரம் எழுப்பத் தடையில்லாச் சான்று வேண்டும். வரைபடம் முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள். அஸ்திவாரம் போட்டபின் ஓடினால் கோபுரம் மொட்டையாக நிற்கும்.

கருவியைவிடப் பேசும் ஒழுங்கு முக்கியம். இந்தத் தடத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி பேசுகிறவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள். அவசரத்தில் அவரவர் மொழி வாயில் வரும். அதனால் வாக்கியங்களை முன்கூட்டியே தீர்மானித்துப் பழக்க வேண்டும். ஒரு மாதிரி:

‘ஹோம் சிக்னலில் நிற்கும் லோகோ பைலட், திருவலம் ஸ்டேஷன் மாஸ்டர் பேசுகிறேன். உங்கள் வண்டி எண்ணையும் சிக்னல் எண்ணையும் சொல்லுங்கள்.’

அவர் சொன்னதும் மாஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் உத்தரவு. உத்தரவை லோகோ பைலட் முழுவதும் திருப்பிச் சொல்லும்வரை அது கொடுக்கப்பட்டதாகக் கணக்கில்லை. ‘சரி சார், புரிந்தது சார்’ என்ற பதிலை ஏற்கவே கூடாது.

5. மின்சாரமும் எர்த்தும்

மேலே 25,000 வோல்ட் மாறுமின் கம்பி ஓடுகிறது. அதற்கு இணையாகப் போகும் எந்தக் கேபிளிலும் தூண்டல் மின்னழுத்தம் ஏறும். தகுந்த கவசமும் எர்த்தும் இல்லாவிட்டால் கருவிகள் கோளாறு செய்யும், தொடுகிற ஆளுக்கும் ஆபத்து. மின்னணுக் கருவி அறையின் எர்த் எதிர்ப்பு 1 ஓமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதை மே மாதத்தில் அளந்து பாருங்கள். ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில் எடுத்த அளவு உங்களைப் புகழ்ந்து பேசும். அக்னி நட்சத்திரத்தில் உண்மை வெளியே வரும்.

வேலூர் வெயில் பேட்டரியின் ஆயுளைப் பாதியாக்கக் கூடியது. பேட்டரி அறையில் காற்றோட்டம், கருவி அறையில் இரண்டு குளிர்சாதனங்கள் மாறி மாறி ஓடும் ஏற்பாடு, ஒன்று நின்றால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மணி அடிக்கும் எச்சரிக்கை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

6. கேபிள்

ஒரு மீட்டர் ஆழப் பள்ளம், மணல் படுகை, மேலே செங்கல் அல்லது ஓடு, தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் குழாய். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அளந்து பார்ப்பவர் குறைவு. பாறை வந்த இடத்தில் அரை மீட்டரோடு நிறுத்திவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். மூடும் முன் அளவுகோலோடு ஆள் நிற்க வேண்டும்; ஆழம் குறைந்த இடத்தில் கான்கிரீட் போட வேண்டும். உருளையில் இருக்கும்போது ஒரு முறை, பதித்தபின் ஒரு முறை, இணைத்தபின் ஒரு முறை என மூன்று தடவை மெக்கர் என்ற அளவுகருவி வைத்துக் காப்பு எதிர்ப்பைப் பதியுங்கள். உபரி இழைகள் விட மறக்காதீர்கள்.

கருவி அறைக்குள் கேபிள் நுழையும் குழாய் வாய்களை அடைக்காமல் விட்டால் எலி வரும். எலிக்குச் சிக்னல் கம்பி, கண்ட்ரோல் கம்பி என்ற வேறுபாடு கிடையாது.

7. வண்டி எங்கே இருக்கிறது?

டிராக் சர்க்யூட் தண்டவாளத்திலேயே மின்சாரம் விட்டு வண்டியை உணர்கிறது. மழையில் ஜல்லி நனைந்து, குப்பையும் கழிவும் சேர்ந்தால் மின்சாரம் மண்ணில் கசிந்து, காலியான பாதையும் ‘வண்டி இருக்கிறது’ என்று காட்டும். ஆபத்தில்லை, ஆனால் சிக்னல் சிவப்பாகி, பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஆக்சில் கவுண்டர் உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணுவதால் ஜல்லியின் நிலை அதைப் பாதிப்பதில்லை. தானியங்கிப் பகுதிக்கு அதையே, இரட்டை ஏற்பாடாகப் பரிந்துரைப்பேன். எண்ணிக்கை தவறினால் மீட்டமைக்கும் முறை கண்டிப்பாக இருக்க வேண்டும். பாதை காலி என்று உறுதிசெய்யாமல் பொத்தானை அழுத்தினால் மொத்த ஏற்பாட்டுக்கும் பொருளில்லை.

8. புதிய அறை

கணினி வழி இயங்கும் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கை, மின்காந்த சுவிட்சுகள் நிறைந்த பழைய ரிலே அறைக்குள் திணிக்காதீர்கள். பக்கத்தில் புதிய கட்டடம் கட்டி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை முழுமையாக இணைத்துவிடலாம். புதிய சிக்னல் கம்பங்களை நட்டு, ‘பயன்பாட்டில் இல்லை’ என்பதற்கான பெருக்கல் குறிப் பலகை மாட்டி வைக்க வேண்டும். சோதனையில் அனுமதித்த பாதை சரியாக வருகிறதா என்று பார்ப்பது பாதி வேலை. வரக் கூடாதது வராமல் இருக்கிறதா என்பது மீதி, அதில்தான் நாட்கள் போகும். ஒரு பாதையை அமைத்துவிட்டு அதோடு மோதும் எல்லாப் பாதைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். மறுக்க வேண்டும்.

9. கவச்

2011 செப்டம்பர் 13 இரவு, சித்தேரி அருகே சிக்னலுக்காக நின்றிருந்த அரக்கோணம்–காட்பாடி பாசஞ்சர்மீது, சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வந்த மெமு பின்னாலிருந்து மோதியது. பலர் இறந்தார்கள். தானியங்கிப் பகுதியில் சிவப்பிலும் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றபின் மிக மெதுவாக முன்னேற விதி இடம் தருகிறது. அந்த ‘மிக மெதுவாக’ என்பதைக் கண்காணிக்க மனிதனைத் தவிர வேறு யாருமில்லை என்ற குறையைத்தான், தேவைப்பட்டால் தானாகவே பிரேக் போடும் ரயில் பாதுகாப்பு முறையான கவச் தீர்க்கிறது.

சென்னை–கும்மிடிப்பூண்டி தடத்தில் 2008லேயே ஒரு ரயில் பாதுகாப்பு எச்சரிக்கை முறை வந்தது. தண்டவாளத்தில் பதித்த கருவிகளைக் கடக்கும்போது மட்டும்தான் அதில் வண்டிக்குத் தகவல் ஏறும். முன்னால் சிக்னல் பச்சையாகிவிட்டாலும் அடுத்த கருவியைத் தொடும்வரை வண்டிக்குத் தெரியாது. நெருக்கமாக ஓடும் புறநகர் வண்டிகளுக்கு இது நேர நஷ்டம். கவச் ரேடியோ வழியாகத் தொடர்ந்து பேசுகிறது. தண்டவாளத்தில் இருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகள் வண்டிக்கு அதன் இடத்தைச் சொல்கின்றன. 2020 ஜூலையில் இதைத் தேசிய முறையாக ஏற்றார்கள். 2024 ஜூலையில் 4.0 பதிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.

செய்யும்போது இரண்டு கவனம். ஜல்லியை இறுக்கும் இயந்திரம் வருமுன் டேக்குகளைக் கழற்றி, பிறகு அதே இடத்தில் அதே டேக்கை மாட்ட வேண்டும். இடம் மாறினால் வண்டி தான் இருக்கும் இடத்தைத் தவறாக நினைக்கும், அதனால் கழற்றும்போதே எண்ணைக் குறித்து, மாட்டியபின் சிக்னல் ஆளும் தடம் ஆளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, பாதையில் மட்டும் கவச் இருந்து பயனில்லை. அரக்கோணம், ஈரோடு, ராயபுரம் ஷெட் என்ஜின்கள், மெமுவின் இரு முனை ஓட்டுநர் அறைகள், வெளி மண்டலத்து என்ஜின்கள் எல்லாவற்றிலும் பொருத்த வேண்டும். அதற்கான அட்டவணை சிக்னல் வேலையின் தேதியோடு சேர்ந்து நகரட்டும்.

10. மாற்றும் நாட்கள்

நாள் குறிப்பதில் ஊரை அறிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்கள் வேண்டாம். தீபாவளி, பொங்கல், திருவண்ணாமலைக் கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம் வேண்டவே வேண்டாம். வி.ஐ.டி. மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பும் வாரமும் காட்பாடி தாங்காது. பொங்கல் முடிந்து மார்ச் வரை உள்ள காலம்தான் எனக்குப் பிடித்தது.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகள் காட்பாடியில்தான் இறங்குகிறார்கள். ரத்து அறிவிப்பைத் தமிழில் மட்டும் ஒட்டினால் அவர்கள் நடைமேடையில் படுத்துக் காத்திருப்பார்கள். வங்காளியிலும் இந்தியிலும் அறிவியுங்கள். மருத்துவமனைக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். சீசன் டிக்கெட்காரர்களுக்கு எந்த வண்டி அரக்கோணத்தோடு நிற்கும், எது வாலாஜா ரோட்டோடு நிற்கும், அங்கிருந்து எந்தப் பஸ் என்பதுவரை சொல்ல வேண்டும்.

முறைப்படி இணைப்புத் துண்டிப்பு அறிவிப்பை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியபின்தான் பழைய கம்பியில் கை வைக்கலாம். அதிலிருந்து புதியதை ஒப்படைக்கும்வரை பாயின்ட்டுகளைக் கையால் திருப்பி, கிளாம்ப் போட்டுப் பூட்டி, சாவியை மாஸ்டரிடம் கொடுத்து, எழுத்து அனுமதியில் வண்டிகள் மெல்ல நகரும். ஒவ்வொரு பாயின்ட்டிலும் ஓர் ஆள், அவர் கையில் சார்ஜ் ஏற்றிய வாக்கி-டாக்கி, மாற்றுப் பேட்டரி. நாலாவது படியில் உழைத்தவருக்கு இப்போது வேலை எளிது. பணியாளர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், நிழல், எட்டு மணி நேர மாற்று ஆகியவற்றையும் திட்டத்தில் எழுதுங்கள். களைத்த ஆள் பூட்டாத பாயின்ட்டைப் ‘பூட்டியாயிற்று’ என்று சொல்லிவிடுவார்.

11. ஒப்படைத்தபின்

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் வந்து வண்டிகள் ஓடத் தொடங்கியபின்னும் குழு கலையக் கூடாது. சிக்னல் கருவிகளின் ஒவ்வொரு அசைவையும் பதியும் டேட்டா லாகரைத் தினமும் படியுங்கள். எந்த ரிலே ஒரு நொடி தாமதிக்கிறது, எந்தப் பாயின்ட் இரண்டாவது முயற்சியில் திரும்புகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் பெரிய மழை இரவில் ஆளோடு அங்கே இருங்கள். கருவிகளுக்கான உபரி மின்னணு அட்டைகளைச் சென்னையில் வைக்காமல் காட்பாடியிலேயே வையுங்கள். கேட் கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர், மெயின்டெய்னர் ஒவ்வொருவரும் கோளாறு நேரத்தில் என்ன செய்வதென்று கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

வேலை முடிந்த நிலைக்கேற்பத் திருத்திய வரைபடத்தின் ஒரு பிரதி கருவி அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பழைய கேபிளை அதே மாதத்தில் இரு முனையிலும் வெட்டி, அடையாளமிட்டு, முடிந்தவரை வெளியே எடுத்துவிடுங்கள். செம்புத் திருடர்கள் தோண்ட வந்தால் பழைய கேபிளோடு புதிய கேபிளும் போய்விடும்.